ஆண்குறி ஊசி: புதிதாகத் தொடங்குகிறவர்கள் விடும் தவறுகள்

நான் டொக்டர் இல்லை. சலரோகத்தால் விறைப்பு போய், குளிசையும் சரிவராமல், பல வருடமாக இந்த ஊசியைப் பாவிக்கிற திருமலைக்காரன். கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருந்தவர்கள், அவர்கள் சொல்லி அனுப்பியவர்கள் என்று சிலர் இரவில் ஃபோன் எடுத்துக் கேட்பார்கள். தொடக்கத்தில் நான் விட்ட பிழைகளையே அவர்களும் விடுகிறார்கள். கை கழுவுவது, மருந்தைச் சிரிஞ்சில் எடுப்பது எல்லாம் மிஸ்ஸி பழக்கித் தருவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இதைக் கள்ள வைத்தியம் என்று நினைப்பது

மதில்களில் ஒட்டியிருக்கும் "ஆண்மைக்குறைவு" விளம்பரங்களைப் பார்த்துப் பழகியதால், ஊசி என்றதும் பலருக்குச் சந்தேகம் வருகிறது. 1982இலேயே பிரான்ஸ் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் ரொனால்ட் விராக், பபவெரின் என்ற மருந்தை ஆண்குறிக்குள் செலுத்தினால் விறைப்பு வருகிறது என்று எழுதிவிட்டார். விறைப்புக்கான சில்டெனாபில் (வயாகரா) குளிசை சந்தைக்கு வந்ததே 1998இல்தான். இப்போது பெரும்பாலும் அல்ப்ரொஸ்டாடில் என்ற மருந்தைத் தனியாகவோ, பபவெரின், ஃபென்டோலமின் சேர்த்த கலவையாகவோ கொடுக்கிறார்கள். சத்திரசிகிச்சைக்குப் போகாமல் செய்யக்கூடியவற்றில், குளிசை வேலை செய்யாத சலரோகக்காரருக்கும் புரொஸ்டேட் சத்திரசிகிச்சை முடிந்தவர்களுக்கும் நல்ல பலன் தருவது இது. ஆனால் யூரோலொஜி டொக்டர் பார்த்து, அளவு குறித்துத் தரவேண்டும். தெரிந்தவர் ஒருவரின் குப்பியில் மிச்சம் இருந்ததை வாங்கிப் போடுவது வைத்தியம் ஆகாது.

நெஞ்சைப் பார்க்காமல் தொடங்குவது

ஆண்குறிக்குப் போகும் நாடி ஒன்று இரண்டு மில்லிமீற்றர் அகலம்தான். இதயத்தின் நாடிகள் மூன்று நான்கு மில்லிமீற்றர் வரும். கொழுப்புப் படிந்தால் சின்னக் குழாய்தான் முதலில் அடைபடும். அதனால் விறைப்புக் குறைவது சிலருக்கு மாரடைப்புக்குச் சில வருடங்கள் முன்னமே வரும் அறிகுறி. சீனி, பிரஷர், கொழுப்பு, ஈ.சி.ஜி. எல்லாம் பார்த்துவிட்டு ஊசிக்கு வாருங்கள். அரிவாள் செல் சோகை, இரத்தப் புற்றுநோய் உள்ளவர்கள் அதை டொக்டரிடம் முதலிலேயே சொல்லவேண்டும். அவர்களுக்கு இந்த ஊசி ஆபத்து.

குளிசையும் ஊசியும் ஒரே இரவில்

டொக்டர் சொல்லாமல் கூடவே கூடாது.

இறங்காத விறைப்போடு வீட்டில் இருப்பது

எனக்கு இன்றுவரை கோபம் வருவது இந்த ஒன்றுக்குத்தான். மற்றப் பிழைகள் ஒரு நாளைக் கெடுக்கும். இது ஆளின் மிச்ச வாழ்க்கையைக் கெடுக்கும்.

மூதூர்ப் பக்கம் ஒரு அண்ணை. கிளினிக்கில் போட்ட முதல் ஊசி நன்றாக வேலை செய்தது. வீட்டில் போட்ட அன்று பத்து நிமிடத்தில் ஒன்றும் தெரியவில்லை. பதற்றத்தில் இரண்டாவது ஊசியையும் போட்டுவிட்டார். முதல் ஊசி வேலை தொடங்கவே ஐந்திலிருந்து இருபது நிமிடம் பிடிக்கும். பதற்றமாக இருந்தால் இன்னும் பிந்தும். இரண்டு மருந்தும் ஒன்றாக ஏறிவிட்டது. இரவு பதினொரு மணிக்கு நோ தொடங்கியது. மனுசிக்குச் சொல்லவில்லை. கிணற்றடிக்குப் போய்க் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டு இருந்திருக்கிறார். விடிந்தபிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தார். வந்தும் துண்டு வெட்டும் இடத்தில் "வயிற்றுக்குத்து" என்று சொல்லிவிட்டு வரிசையில் இருந்தார். வாங்கில் காலைச் சேர்த்து, சாரத்தின் மேல் ஷொப்பிங் பையை வைத்துப் பிடித்தபடி. உண்மையை டொக்டரிடம் சொல்லும்போது மத்தியானம். கட்டியாகிப்போன கறுத்த இரத்தத்தை ஊசியால் எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், கடைசியில் தியேட்டருக்கும் கொண்டுபோனார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் உள்ளே தசை தழும்பாகிவிட்டது. இனி அவருக்கு எந்த ஊசியும் வேலை செய்யாது.

ஏன் இப்படி ஆகிறது என்பதை விளங்கிக்கொள்ளுங்கள். மருந்து உள்ளே இருக்கும் தசையைத் தளர்த்தி இரத்தத்தை நிரப்புகிறது, வெளியே போகும் நாளங்களும் அமுக்கப்படுகின்றன. ஒரு மணித்தியாலத்தில் இறங்கினால் நல்லது. இறங்காவிட்டால் அதே இரத்தம் உள்ளே தேங்கி நிற்கும். புது ஒட்சிசன் வராது. நாலு மணித்தியாலத்துக்குப் பிறகு தசைக்குச் சேதம் தொடங்குகிறது. முப்பத்தாறு மணித்தியாலம் தாண்டினால் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. நேரத்தோடு போனால், தேங்கிய இரத்தத்தை ஊசியால் எடுத்து, ஃபெனைல்எஃப்ரின் என்ற மருந்தைச் சிறிது சிறிதாக ஏற்றுவார்கள். பெரும்பாலானோருக்கு அதோடு முடிந்துவிடும்.

ஆகவே:

நாலு மணித்தியாலம் என்பது ஆஸ்பத்திரிக்குள் நிற்கவேண்டிய நேரம், வீட்டிலிருந்து வெளிக்கிடுகிற நேரம் அல்ல. புல்மோட்டையில், வெருகலில் இருப்பவர் மூன்று மணித்தியாலத்திலேயே வெளிக்கிட வேண்டும். வாகனம் இல்லையென்றால் 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

வாசலில் சுற்றிவளைக்காமல் சொல்லுங்கள்: "விறைப்புக்கான ஊசி போட்டனான், இத்தனை மணியிலிருந்து இறங்கேல்லை." மருந்தின் குப்பியையும் கையில் கொண்டுபோங்கள். போட்ட நேரமும் அளவும் தெரிந்தால் அவர்களுக்கு வேலை சுலபம். அங்கே இருப்பவர்களுக்கு இது ஒரு அவசர வருத்தம், அவ்வளவுதான். வெட்கம் நம்முடைய தலைக்குள்தான் இருக்கிறது. அந்த அண்ணை "வயிற்றுக்குத்து" என்று சொன்ன அந்த ஒரு சொல் அவருக்குப் பல மணித்தியாலங்களைத் தின்றுவிட்டது.

வீட்டில் போடும் முதல் ஊசியைப் பகலில் போடுங்கள். பஸ் ஓடும், ஆட்கள் விழித்திருப்பார்கள். வேலை செய்யாவிட்டால் அன்று விட்டுவிடுங்கள். இரண்டாவது ஊசி அந்த நாளில் இல்லை. குறைந்தது 24 மணித்தியால இடைவெளி, வாரத்துக்கு மூன்றுக்கு மேல் இல்லை. அளவைக் கூட்டுவது டொக்டரின் வேலை. அல்ப்ரொஸ்டாடில் பெரும்பாலும் 2.5 மைக்ரோகிராமில் தொடங்கி, அவர் கண்முன்னே கூட்டுவார். முள்ளந்தண்டுக் காயம் உள்ளவருக்கு அதிலும் குறைவு. பக்கத்து வாங்கில் இருப்பவர் 20 போடுகிறார் என்பதற்காக நீங்களும் 20 போட முடியாது.

மேலேயும் கீழேயும் குத்துவது

மேலே நரம்பும் நாளமும் ஓடுகின்றன, கீழே சிறுநீர்க்குழாய். குத்தவேண்டியது பக்கவாட்டில், அடியிலிருந்து நடுப்பகுதிக்குள், மேலே தெரியும் நாளத்தைத் தவிர்த்து. கடிகார முகத்தை நினைத்தால் பத்து மணி அல்லது இரண்டு மணி இருக்கும் இடம். ஒருமுறை இடப்பக்கம், மறுமுறை வலப்பக்கம். ஊசியை எடுத்ததும் ஐந்து நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்கவேண்டும். வார்ஃபரின், குளோபிடொக்ரெல் போன்ற இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்துகளை எடுப்பவர்கள் இன்னும் கூட நேரம். அவசரப்பட்டுக் கையை எடுத்தால் தோல் நீலம் பாரித்துவிடும், பார்க்கப் பயமாக இருக்கும்.

அல்ப்ரொஸ்டாடில் போட்ட பிறகு ஒரு உளைவு வரும். மூன்றில் ஒருவருக்கு அளவில் இருக்கிறது. பயந்து கைவிடாமல் கிளினிக்கில் சொல்லுங்கள், மருந்தை மாற்றிப் பார்ப்பார்கள்.

மருந்தை வெயிலில் கொண்டுவருவது

கொழும்பில் கலவை வாங்கி, சாதாரணப் பையில் போட்டு, பகல் பஸ்ஸில் திருமலை வருகிறார்கள். வைகாசி, ஆனி வெயிலில் அது வீணாகிவிடும். பிறகு "ஊசி வேலை செய்யவில்லை" என்று அளவைக் கூட்டுகிறார்கள், அடுத்த குளிர்ந்த நல்ல குப்பி கிடைக்கும்போது அதே கூட்டின அளவைப் போடுகிறார்கள். இறங்காத விறைப்பு வருவதற்கு இதுவும் ஒரு வழி. ஐஸ் போட்ட சின்னப் பெட்டியில் கொண்டுவந்து ஃபிரிஜ்ஜில் வையுங்கள். கரண்ட் நீண்ட நேரம் நின்றிருந்தால், பாவிக்க முதல் பார்மசியில் கேளுங்கள். தூளாக வரும் மருந்தைக் கரைத்தால் மிச்சத்தை அடுத்த வாரத்துக்கு வைக்கவேண்டாம்.

பாவித்த ஊசி

மூடியுள்ள தடித்த போத்தலுக்குள். குப்பைப் பைக்குள் அல்ல.

மனுசிக்கு மறைப்பது

கதவைப் பூட்டிக்கொண்டு குளியலறையில் தனியே போடுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: நாலாவது மணித்தியாலத்தில் உங்களுக்கு வாகனம் பிடித்துத் தரப்போவது அவர்தான்.

கட்டியைக் கவனிக்காமல் விடுவது

மாதத்துக்கு ஒருமுறை குத்தும் இடங்களை விரலால் தடவிப் பாருங்கள். மிளகு அளவு கட்டி தட்டுப்பட்டாலோ, விறைக்கும்போது வளைவு தெரிந்தாலோ அடுத்த ஊசி போடவேண்டாம். முதலில் டொக்டரிடம் காட்டுங்கள்.