பர்மாவில் இறந்த பட்டாளத்துக்காரரின் தேதியைத் தேடுவது எப்படி

ரங்கூனுக்கு வட்டிக்கடை வேலைக்குப் போய், அங்கிருந்தே பட்டாளத்தில் சேர்ந்து, இரண்டாம் உலகப் போரில் இருபது சொச்சம் வயதில் இறந்தவர் எங்கள் பாட்டியின் அண்ணன். இறந்த தேதி தெரியாததால் மகாளய அமாவாசையில்தான் அவருக்குப் படையல். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், தேடிப் பார்க்க வழி இருக்கிறது.

முதலில் பெரியவர்களிடம் அவருடைய அப்பா பெயரையும், அந்தக் காலத்தில் ஊர் எந்தத் தாலுகாவில் இருந்தது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். போட்டோ, மெடல் எல்லாம் அப்புறம். ஆளை அடையாளம் காட்டப்போவது அப்பா பெயர்தான்.

போரில் இறந்த பிரிட்டிஷ், இந்தியப் படைவீரர்களின் கல்லறைகளையும் பெயர்ப் பட்டியலையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். இரண்டாம் உலகப் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்த படைவீரர்கள் அதில் உண்டு. பெயரை மட்டும் போட்டு, இந்தியப் படை என்று வடிகட்டுங்கள். முத்தையா என்றால் ஒரு 'டி'யோடும் இரண்டு 'டி'யோடும், கடைசியில் 'எச்' போட்டும் போடாமலும் தேடுங்கள். ஒரே பெயரில் ஏகப்பட்ட பேர் வருவார்கள், சலித்துக்கொள்ளக் கூடாது. பல பதிவுகளில் கூடுதல் தகவலாக 'இன்னார் மகன், இந்த ஊர், ராம்நாட்' என்று இருக்கும். ராம்நாட் என்றால் ராமநாதபுரம். திருநெல்வேலி அங்கே டின்னவெல்லி, தஞ்சாவூர் டாஞ்சூர். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் கடித்துக் குதறியிருப்பார்கள். வாய்விட்டுப் படித்தால் பிடிபடும்.

கல்லறையைத் தேடாதீர்கள். எரியூட்டப்பட்டவர்களுக்கும் உடல் கிடைக்காதவர்களுக்கும் பெரும்பாலும் நினைவிடத்தில் பெயர் மட்டுமே. யாங்கோன் அருகே தாவ்க்யானில் உள்ள ரங்கூன் நினைவகத்தில் கிட்டத்தட்ட 27,000 பெயர்கள். பதிவில் 'ஃபேஸ்' என்று, பெயர் எந்தப் பக்கத்தில் பொறித்திருக்கிறது என்று காட்டும் ஓர் எண் இருக்கும். போகிறவர் யாராவது இருந்தால் அதைக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தூண் தூணாக அலைய வேண்டியதுதான்.

தேதி கிடைத்தால் அந்த வருஷப் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திதியைக் கணித்துவிடலாம். சில பதிவுகளில் 'இந்த நாளுக்கும் அந்த நாளுக்கும் இடையில்' என்றுதான் இருக்கும். அப்படியானால் மகாளய அமாவாசையே இருக்கட்டும்.

மலேயாத் தோட்டத்திலிருந்து நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்தவரை இந்தப் பட்டியலில் தேடிப் பயனில்லை. அவர்களை ஆணையம் சேர்க்கவில்லை. ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதையில் மாண்ட கூலிகளும் அப்படியே. ஐ.என்.ஏ.வுக்கு இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்தில் கோப்புகள் இருக்கின்றன. அங்கே ஆள் பெயரை விட, சேர்ந்த பிரிவின் பெயரைப் போட்டுத் தேடுவது மேல்.