இரகசியச் சங்கத்தின் காசை வாங்கலாமா? சரிட்டிக் கணக்கைப் பார்க்கும் முறை

இலண்டனின் வடமேற்கில் உள்ள எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்கு நான் 11 வருடமாகப் பொருளாளர். போன வருடம் கதிரைகள் வாங்க 1,200 பவுண் தருவதாக, உள்ளூர் ஃபிரீமேசன் லொட்ஜ் ஒன்றின் அறநிதியிலிருந்து கடிதம் வந்தது. ஃபிரீமேசன் என்பது கதவை மூடிச் சடங்கு நடத்தும் ஒரு பழைய சகோதரச் சங்கம்; லொட்ஜ் அதன் கிளை. நிர்வாகக் கூட்டத்தில் ஒரு தம்பி எழும்பி, “அக்கா, இவையின்ர காசு எங்களுக்கு வேண்டாம். உள்ளுக்க என்ன செய்யினம் எண்டு ஆருக்கும் தெரியாது. இவைக்கு ஆர் சரிட்டி எண்டு பேர் குடுத்தது?” என்று கேட்டார்.

கேட்க வேண்டிய கேள்விதான். சரிட்டி, அதாவது சட்டம் ஏற்ற அறநிறுவனம், என்று பதிந்துவிட்டால், வரி கட்டும் ஒருவர் 1 பவுண் கொடுக்கும்போது அரசு கிஃப்ட் எய்ட் வழியாக 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கிறது. அறப்பணிக்குப் பாவிக்கும் கட்டடத்துக்கு வணிக வரியில் 80 வீதம் கழிவு. அதெல்லாம் ஊர்க்காசு. நான் கொஞ்சம் தவணை கேட்டேன். பிறகு என்ன செய்தேன் என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும்தான் பொருந்தும்; ஸ்கொட்லாந்துக்குச் சட்டமும் பதிவேடும் வேறு.

முதலில் சங்கத்தையும் அதன் அறநிதியையும் பிரித்துப் பாருங்கள். பலர் இதிலேயே குழம்புகிறார்கள். 1717இல் தொடங்கிய மரபில் வரும் கிராண்ட் லொட்ஜ், அதாவது இங்கிலாந்து லொட்ஜ்களின் தலைமை அமைப்பு, சரிட்டி அல்ல. கிரேட் குயீன் ஸ்ட்ரீட்டில் இருக்கும் தங்கள் மண்டபத்துக்கு வரிச்சலுகை வேண்டுமென்று ஹோல்போர்ன் நகரசபையோடு அவர்கள் வழக்காடினார்கள். மதத்தை வளர்ப்பது எங்கள் முக்கிய நோக்கம் என்பது அவர்களின் வாதம். 1957இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கடவுள் நம்பிக்கை உள்ளவர்தான் சேரலாம், சரி. ஆனால் அங்கே மதபோதனை நடக்கவில்லை, நம்பாதவர்களைத் தேடிப்போய்ப் பேசும் வேலையும் இல்லை என்று சொல்லிவிட்டது. சரிட்டியாகப் பதிந்திருப்பவை அவர்கள் தனியாக வைத்திருக்கும் நிதிகள். பெரியது மேசனிக் சரிட்டபிள் ஃபவுண்டேஷன். நான்கு பழைய நிதிகளைச் சேர்த்து 2016இல் உருவானது. ஆகவே கடிதத்தில் அல்லது காசோலையில் இருக்கும் பெயரை எழுத்துக்கு எழுத்து எடுத்து, சரிட்டிகளைப் பதிந்து கண்காணிக்கும் அரச அமைப்பான சரிட்டி கொமிஷனின் இணையப் பதிவேட்டில் தேடுங்கள். சங்கத்தின் பெயரைத் தேடி, இல்லையே என்று முடிவுகட்ட வேண்டாம்.

அடுத்து நோக்கங்களைப் படியுங்கள். பதிவேட்டில் அதற்கென்று ஒரு பகுதி உண்டு. 2011ஆம் ஆண்டுச் சரிட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு 13 வகை அறநோக்கங்களைச் சொல்கிறது. 4ஆம் பிரிவு, அந்த நோக்கம் பொதுநன்மைக்கானதாக இருக்கவேண்டும் என்கிறது. இங்கே ‘உறுப்பினர்’, ‘அவர்களின் விதவைகள்’, ‘பிள்ளைகள்’ போன்ற சொற்கள் வந்தால் நின்று பாருங்கள். காசு உள்ளுக்குள்ளேயே சுற்றினால் அது எப்படிப் பொதுநன்மை?

இதற்கு இரண்டு வழக்குகளை அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ கம்பனி ஊழியர்களின் பிள்ளைகளுடைய படிப்புக்கென்று ஒரு நிதி இருந்தது. ஊழியர்கள் 1,10,000 பேருக்கு மேல். அவ்வளவு பேர் இருந்தும், அவர்களை இணைப்பது ஒரே முதலாளி என்ற உறவுதான், ஆகவே அது சரிட்டி அல்ல என்று 1951இல் தீர்ப்பானது. ஆனால் 1972இல், பிளிமத்தில் இருந்த டிங்கிள்ஸ் கடையின் வறிய ஊழியர்களுக்கான நிதியை சரிட்டி என்று ஏற்றார்கள். வித்தியாசம் வறுமை என்ற ஒரு சொல். வறுமையைப் போக்குவதென்றால், குறிப்பிட்ட ஒரு கூட்டத்துக்குள் மட்டும் உதவினாலும் சட்டம் ஏற்கும். 2012இல் மேல் தீர்ப்பாயமும் அதையே உறுதிப்படுத்தியது.

அந்த விலக்கு எனக்குச் சரியென்றுதான் படுகிறது. கணவனை இழந்து வாடகை கட்ட வழியில்லாத பெண்ணுக்கு, அவரைத் தெரிந்த சங்கம்தான் முதலில் போய் நிற்கும். எங்கள் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் அப்படித்தானே? ஆனால் வறுமை என்ற சொல் இல்லாமல், உறுப்பினர் பிள்ளைகளுக்கு மட்டும் படிப்புதவி என்று எழுதியிருந்தால் அந்தப் பதிவை நான் கேள்வி கேட்பேன். அது எந்தச் சங்கமாக இருந்தாலும் சரி, எங்கள் ஆட்களுடையதாக இருந்தாலும் சரி.

பெரிய கொடைகளைக் கண்டு இந்தப் படியைத் தாண்டிவிட வேண்டாம். இலண்டன் ஏர் அம்புலன்ஸின் இரண்டாவது ஹெலிகொப்டருக்கு இலண்டன் ஃபிரீமேசன்கள் பெருந்தொகை கொடுத்தார்கள். அதனால் பிழைத்த உயிர்கள் இருக்கும், நான் மதிக்கிறேன். ஆனாலும் நிறையக் கொடுக்கிற சங்கம் என்பதும் சரிட்டி என்பதும் சட்டத்துக்கு வேறு வேறு.

மூன்றாவது, கணக்கு. நிதியாண்டு முடிந்து 10 மாதத்துக்குள் கொமிஷனுக்கு விபரம் போயிருக்க வேண்டும்; பிந்தியிருந்தால் பதிவேட்டுப் பக்கமே காட்டும். சின்ன நிதிகளின் கணக்குத் தாள் இணையத்தில் இருக்காது. எங்களுக்கு வந்ததும் அப்படித்தான். அப்போது அறங்காவலர்களுக்கு எழுத்தில் கேளுங்கள். அதே 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின் 172ஆம் பிரிவின்படி யார் கேட்டாலும் கடைசிக் கணக்கின் பிரதியை 2 மாதத்துக்குள் தரவேண்டும். நியாயமான ஒரு கட்டணம் மட்டும் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் விளக்கத் தேவையில்லை. நான் நாலே வரி எழுதி, திகதி போட்டு, ஒரு பிரதியைக் கோப்பில் வைத்தேன்.

19ஆம் நாள் கடித உறை வந்தது. உள்ளே 6 தாள். குசினி மேசையில் வைத்து, பென்சிலால் மூன்று இடத்தில் கோடு போட்டேன்: தனியாட்களுக்குக் கொடுத்தது, அமைப்புகளுக்குக் கொடுத்தது, அறங்காவலர்களுக்கும் அவர்களைச் சேர்ந்தவர்களுக்கும் போனது. முதலாவதில் 3,400 பவுண், இரண்டாவதில் 5,150. மூன்றாவதில் ஒன்றுமில்லை. லொட்ஜில் கூட்டம் முடிந்து சாப்பிடும் விருந்துச் செலவு எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று ‘இதர செலவு’ வரியைத் தேடினேன். 62 பவுண், முத்திரையும் வங்கிக் கட்டணமும். நீங்களும் அந்த வரியை விடாதீர்கள். அது பெருத்திருந்தால் விபரம் கேளுங்கள்.

அவர்கள் கைகுலுக்கும் விதமோ சடங்கோ எனக்குத் தேவைப்படவில்லை. கூட்டத்தைக் கதவை மூடி நடத்தட்டும். நிதியின் அறங்காவலர் யார், காசு எங்கே போனது என்ற இரண்டையும் மறைத்தால்தான் நான் விடமாட்டேன். அப்படி மறைத்தால் முதலில் அறங்காவலர்களுக்கு எழுதுங்கள்; பதில் இல்லையென்றால் சரிட்டி கொமிஷனுக்கு முறைப்பாடு. ‘சடங்கு பிடிக்கவில்லை’ என்று எழுதினால் எடுபடாது. ‘இன்ன திகதியில் கணக்குக் கேட்டேன், 2 மாதம் கடந்தும் வரவில்லை’ என்று கடிதப் பிரதியோடு எழுதுங்கள்.

அடுத்த கூட்டத்தில் அந்த 6 தாளையும் தம்பியின் கையிலேயே கொடுத்தேன். இருந்து முழுக்க வாசித்தார். “தந்தவை ஆர் எண்டு எங்கட ஆண்டறிக்கையில பேர் போட்டு எழுதோணும், அக்கா” என்றார். எழுதினோம். கதிரைகள் மாசியில் வந்தன.