கோலிக் வந்த குதிரையின் ரத்தத்தில் ஆக்சிஜனேற்ற அழுத்தம்: எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்

கோலிக் எனும் கடும் வயிற்று வலியால் துடிக்கும் குதிரையின் ரத்தத்தில், ஆக்சிஜனேற்ற அழுத்தத்தின் அடையாளமாக அளக்கப்படும் மாலோன்டைஆல்டிஹைடு கூடியிருந்தால், குடல் அழுகத் தொடங்கிவிட்டது என்று சிலர் உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. முறுக்கிய குடலில் ரத்த ஓட்டம் நின்று, முறுக்கு அவிழ்ந்து மீண்டும் ரத்தம் பாயும்போது, வேதிவினையில் வேகமுள்ள ஆக்சிஜன் வகைகள் பெருகி செல் சவ்வின் கொழுப்பைச் சிதைக்கும். அந்தச் சிதைவில் மிஞ்சுவதுதான் இந்தப் பொருள். ஆனால் நீண்ட பயணமும் கடும் ஓட்டமும்கூட இதைக் கூட்டிவிடும். எண்ணை மட்டும் பார்த்தால் அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

இதைவிட அதிகம் ஏமாற்றுவது பட்டினி. வலியில் இருக்கும் குதிரை தீனியைத் தொடாது. குதிரை சாப்பிடாமல் இருந்தால், கல்லீரல் நன்றாக இருந்தாலும் ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி ஏறும், பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி) மஞ்சளாகும். பிலிருபினே ஓர் ஆக்சிஜனேற்றத் தடுப்பான். அதனால் 'மொத்தத் தடுப்புத் திறன்' நன்றாக இருப்பதுபோல் அறிக்கை வரலாம். உண்மையில் அது பட்டினியின் கணக்கு! மாலோன்டைஆல்டிஹைடை அளக்கும் பழைய தயோபார்பிட்யூரிக் அமில முறையும் நிறத்தை நம்பியது. பிலிருபினும் சில சர்க்கரைகளும் அதைக் குழப்பும்.

அப்புறம், சிவப்பணு உடைந்துபோன ரத்த மாதிரி. கேட்டலேஸ், சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் போன்ற தடுப்பு நொதிகள் எல்லாம் சிவப்பணுவுக்குள் நிறைந்து கிடப்பவை; அணு உடைந்தால் பிளாஸ்மாவில் கலந்து அளவைக் கெடுக்கும். ஊசியை அவசரமாக இழுத்து, குழாயைக் குலுக்கி, பிளாஸ்மா சிவந்துவிட்டால் அந்த மாதிரியை ஒதுக்கிவிடுவதே மேல். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. சேர்த்த குழாயிலும் கவனம் வேண்டும். அது உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்வதால் இரும்பை நம்பும் முறைகள் தவறும்.

குளூட்டாத்தியோன் பெராக்சிடேஸ் என்ற தடுப்பு நொதி குறைந்திருக்கிறதா? கோலிக்கைக் குற்றம் சொல்லும் முன் தீவனத்தில் செலினியம் போதுமா என்று பாருங்கள். அந்த நொதி வேலை செய்யவே செலினியம் வேண்டும். சிவப்பணுவில் உள்ள அந்த நொதியின் அளவு, கடந்த சில மாதத் தீனியைத்தான் காட்டும். நேற்று இரவு தொடங்கிய வலியை அல்ல.

நீரிழப்பையும் மறந்துவிடக் கூடாது. வந்தவுடன் எடுத்த ரத்தம் கெட்டியானது, டிரிப் ஏற்றிய பின் எடுத்தது நீர்த்தது. ஹெமட்டோக்ரிட்டையும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) மொத்தப் புரதத்தையும் பக்கத்தில் வைக்காமல் அந்த இரண்டு மாதிரிகளையும் ஒப்பிட்டால், சிகிச்சை பலித்தது என்று தவறாக நினைக்கலாம்.

அறுவை செய்வதா வேண்டாமா என்பதை இந்த எண்களை வைத்து முடிவு செய்வது பெரும் பிழை. நாடித்துடிப்பு, அடங்காத வலி, மலக்குடல் வழிப் பரிசோதனை, மூக்கு வழியாக இரைப்பைக்குள் விட்ட குழாயில் திரும்பி வரும் திரவம், ஆக்சிஜன் கிடைக்காத திசுவில் பெருகும் லாக்டேட், இவைதான் அங்கே பேச வேண்டும். வயிற்றறைத் திரவத்தின் லாக்டேட் ரத்தத்தில் உள்ளதைவிட நன்றாகக் கூடியிருந்தால், மாலோன்டைஆல்டிஹைடு முடிவு வரும்வரை காத்திருக்கக் கூடாது.