வி.ஆர். ஹெட்செட்டில் பழகிய வெல்டிங் இரும்பிலும் வர வேண்டுமா?

மார்த்தாண்டம் பக்கம் பையன்களுக்கு வெல்டிங் சொல்லிக் கொடுக்கிறேன். நிறையப் பேர் வளைகுடா வேலைக்குக் காத்திருப்பவர்கள். கண்ணில் மாட்டிக்கொண்டு, நிஜ நெருப்பில்லாமல் வெல்டிங் பழகும் வி.ஆர். ஹெட்செட் வந்த நாளிலிருந்து ஒரே கேள்விதான்: "சார், இதுல பழகினா நிஜத்துல வருமா?" வரும். எது வரும் என்று தெரிந்து பழகினால்.

கை வரும். ராடை, அதாவது உருகி இரும்பை ஒட்டவைக்கும் வெல்டிங் குச்சியை, சாய்க்கும் கோணம், தகட்டிலிருந்து ராடு முனைக்கு உள்ள இடைவெளி, சீராக நகர்த்தும் வேகம். 3.15 மி.மீ. தடிமன் ராடு என்றால் இடைவெளியும் ஏறக்குறைய அவ்வளவுதான். இத்தனை மணி நேரம் என்று கணக்கு வைக்காதீர்கள். 2002-இல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வில், கைதேர்ந்த மருத்துவர்களின் அளவை எட்டும்வரை பயிற்சி மருத்துவர்களைக் கணினியில் பழக்கினார்கள். பிறகு நிஜ அறுவையில் பித்தப்பையைப் பிரித்தெடுப்பதில், அப்படிப் பழகாதவர்களைவிட அவர்கள் 29 சதவீதம் வேகம், தவறும் குறைவு. அதனால் முதலில் நான் போட்டு மார்க் எடுப்பேன். அதைத் தொடர்ந்து இரண்டு முறை எட்டினால்தான் அடுத்த பாடம்.

கோணம் காட்டும் குறிகளைச் சீக்கிரமே அணைத்துவிடுங்கள், இரும்பில் அதெல்லாம் தெரியாது. ஹெட்செட்டோடு கையில் பிடிக்கும் கருவியில் ஒரு மீட்டர் பழைய கேபிளைக் கட்டித் தொங்கவிடுங்கள். மணிக்கட்டுக்கு அந்த இழுப்பு பழகட்டும்.

கெட்ட பழக்கமும் கூடவே வரும். எனக்கு அதுதான் பயம். ஹெட்செட்டில் வெல்டிங் வெளிச்சத்தை எவ்வளவு பார்த்தாலும், நிஜ வெல்டிங்போல் கண் கெடாது. நல்ல மார்க் எடுத்த பையன் ஒருவன், நிஜ இரும்பில் ஹெல்மெட்டை இறக்காமலே நாலைந்து தடவை ராடைத் தட்டிப் பற்றவைத்துவிட்டான். அன்று ராத்திரி கண்ணில் மணல் கொட்டின மாதிரி எரிந்து, விடியும்வரை தூங்கவில்லை. இப்போது ஹெட்செட்டிலும் ஒவ்வொரு முறையும் ஹெல்மெட்டை இறக்குவதுபோல் கையைக் கொண்டுபோகச் சொல்கிறேன்.

ராடு ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பது இரும்பில்தான் வரும். பதறி இழுக்காதீர்கள். மணிக்கட்டைச் சட்டென்று திருப்புங்கள். விடவில்லை என்றால் ராடைக் கவ்வியிருக்கும் ஹோல்டர் பிடியைத் தளர்த்துங்கள். அப்புறம் நம்ம ஊர் ஈரம். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம், பிரித்து வைத்த ராடு ஈரம் இழுத்துவிடும். சடசடவென்று தெறிக்கும், வெல்டில் பொத்தல் விழும்.

ஆகவே ஹெட்செட்டில் அரை மணி போட்டால், அன்றே தகட்டில் ஐந்து ராடு போடுங்கள். ஆறியதும் மேலே படிந்த கசடைத் தட்டிப் பாருங்கள். வெல்ட் வரி ஒரே அகலத்தில் வந்திருந்தால் சரி. ஓர் இடத்தில் தடித்து, ஓர் இடத்தில் மெலிந்திருந்தால் திரும்ப ஹெட்செட்டுக்குப் போய் வேகத்தை மட்டும் பழகுங்கள்.