மாட்டுக் கொட்டகைக்குக் கான்கிரீட் தரை: எங்கே கோட்டை விடுகிறோம்?

வீடு கட்டும்போது பத்துப் பேரிடம் யோசனை கேட்பவர்கள்கூட, கொட்டகை என்றால் 'மாடு நிற்கிற இடம்தானே' என்று மேஸ்திரி கையில் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் வீட்டுத் தரையைவிடக் கொட்டகைத் தரைக்குத்தான் பாடு அதிகம். கறவை மாட்டின் முழு எடையும் நான்கு குளம்புகளில் இறங்குகிறது. கோமியமும் கழுவுநீரும் ஓயாமல் ஊறுகின்றன.

முதலில் தரைக்கு அடியில் நிரப்பும் மண். ஒன்றரை அடி கிராவலை ஒரே நாளில் கொட்டி, மேலே ஜேசிபியை நாலு முறை ஓட்டிவிட்டால் மேல்பகுதி மட்டும்தான் இறுகும். அடியில் பொலபொலவென்று கிடக்கும் மண் முதல் மழைக்கே அமுங்கி, தரையில் விரிசல் ஓடும். அரை அடி அரை அடியாக நிரப்பி, தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு (கனமான கட்டையால் இடித்து) இறுக்க வேண்டும். கரிசல் மண்ணில் இன்னும் கவனம் வேண்டும். மழையில் ஊதி, கோடையில் வெடிக்கும் மண் அது. தரைக்கடியில் இருக்கும் கரிசலை வெட்டி எடுத்துவிட்டுக் கிராவல் நிரப்புங்கள். தூண்களுக்கான குழியைக் கெட்டித் தரை தட்டும்வரை தோண்டுங்கள்.

அடுத்தது தண்ணீர். 1:1½:3 கலவையில் (சிமெண்ட் ஒரு பங்கு, மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று) 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 25 முதல் 30 லிட்டர் போதும். ஏறக்குறைய இரண்டு குடம். மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைக்க வேண்டும். ஆனால் நடப்பதென்ன? கலவை கெட்டியாக இருக்கிறது, இழுக்க வரவில்லை என்று மூன்றாவது குடத்தையும் ஊற்றுவார்கள். கலவை கஞ்சி மாதிரி ஓடும், வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் அந்த உபரித் தண்ணீர் வற்றிய இடமெல்லாம் நுண்துளையாகும்; கோமியம் இறங்குவது அதன் வழியாகத்தான். இரண்டு மூட்டை சிமெண்ட் கூடுதலாக வாங்குவதைவிட, கலக்கும் இடத்தில் குடத்தை எண்ணிக்கொண்டு நிற்பது மேல்.

தண்ணீர் வடிவதற்கான வாட்டத்தைக் (சரிவை) கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 40 அடிக்கு ஓரடி என்ற கணக்கில், மாடு நிற்கும் 5 அடி நீளத்துக்குச் சாக்கடைப் பக்கம் ஒன்றரை அங்குலம் இறங்கினால் போதும். தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டம் வைத்தே பாருங்கள். அதிகமாகச் சரித்தால் மாடு நிற்கச் சிரமப்படும்.

மேஸ்திரிக்குப் பெருமை வழவழப்பான பூச்சில். மாட்டுக்கு அதுவே எமன். சினை மாடு வழுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பூச்சு இறுகுமுன் குறுக்கும் நெடுக்குமாக வரிப்பள்ளம் இழுத்துவிடச் சொல்லுங்கள்.

இரும்புத் தூணின் அடியைத் தரைமட்டத்தோடு விட்டால் அங்கேயே துருப்பிடித்து அறுந்துவிடும். சுற்றிலும் அரை அடி உயரத்துக்குக் கான்கிரீட் ஏற்றிவிடுங்கள்.

ஓபிசி (சாதாரண போர்ட்லேண்ட்) சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள், பிபிசி (சாம்பல் போன்றவை கலந்த போஸலானா சிமெண்ட்) என்றால் 10 நாள் தரை காயாமல் ஈரமாகவே இருக்க வேண்டும். வைக்கோல் பரப்பி நனைத்தால் வெயிலிலும் ஈரம் நிற்கும். பால்காரர் அவசரப்படுத்தினாலும், 28 நாள் முடியும்வரை மாடுகள் பழைய இடத்திலேயே இருக்கட்டும்.