ஆயிரம் ரன் அடித்தும் ஏன் எடுக்கவில்லை? ரஞ்சி ரசிகர்கள் போடும் தப்புக் கணக்குகள்

இந்திய அணி அறிவிப்பு வரும் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு பெயருக்காக நம் ஆட்கள் கொதிப்பார்கள். "ரஞ்சியில் இத்தனை ரன் குவித்திருக்கிறான், இவனை விட்டுவிட்டு யாரை எடுப்பார்கள்?" மாநில அணிகள் மோதும் இந்த ரஞ்சிக் கோப்பையை வைத்து நானும் அந்தக் கூட்டத்தில் நின்று கத்தியவன்தான். வருடக்கணக்கில் ஸ்கோர்கார்டை வைத்துச் சண்டை போட்ட பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நாம் தேர்வை உழைப்புக்குக் கொடுக்கும் பரிசாகப் பார்க்கிறோம். தேர்வுக்குழுவுக்கோ அது காலியிடத்தை நிரப்பும் வேலை. எந்த இடம் காலி, அதற்கு யார் பொருந்துவார் என்ற கேள்விதான் அங்கே முதலில் வரும். ரன் பட்டியல் அதற்கு அப்புறம்தான்.

இதைப் புரியாமல் நாம் செய்யும் தவறுகளைக் கீழே எழுதியிருக்கிறேன். முதல் தவறுதான் பெரியது. மற்றவை அதன் பங்காளிகள்.

பட்டியலைப் பார்ப்போம், காலியிடத்தைப் பார்க்க மாட்டோம்

இதற்குச் சேப்பாக்கமே சாட்சி. 2016 டிசம்பரில் இங்கிலாந்துக்கு எதிராகக் கருண் நாயர் அங்கே ஆட்டமிழக்காமல் 303 அடித்தார். சேவாக்குக்கு அப்புறம் டெஸ்டில் முச்சதம் கண்ட ஒரே இந்தியர். இந்தியாவின் அடுத்த டெஸ்ட் 2017 பிப்ரவரியில் ஹைதராபாத்தில் நடந்தது. ஆடும் பதினொருவரில் கருண் இல்லை. விரல் காயத்தால் விலகியிருந்த ரஹானே திரும்பிவிட்டார்; இடம் அவருடையது, கருண் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அவ்வளவுதான். முச்சதத்துக்கே இந்தக் கதி என்றால், எங்கோ ஒரு ரஞ்சி லீக் ஆட்டத்தில் அடித்த 180 என்ன செய்துவிடும்?

தொடக்க ஆட்டக்காரர்கள் இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். குஜராத்தின் பிரியங்க் பஞ்சால் 2016-17 ரஞ்சி சீசனில் 1,310 ரன் எடுத்தார், அதில் ஒரு முச்சதம். அவருடைய அணி முதல் முறையாகக் கோப்பையை வென்றதும் அந்த வருடம்தான். மறுவருடம் கர்நாடகத்தின் மயங்க் அகர்வால் ரஞ்சியில் 1,160 ரன். அதில் பெரும்பகுதி 2017 நவம்பர் என்ற ஒரே மாதத்தில் வந்தது. இரண்டு பேருக்கும் கதவு உடனே திறக்கவில்லை. முரளி விஜய், ராகுல், தவன் என்று வரிசை நின்றது, கூடவே பிரித்வி ஷா வேறு வந்து சேர்ந்தார். 2018 இறுதியில் ஆஸ்திரேலியப் பயணத்தில் ஷாவுக்குக் கணுக்கால் போயிற்று, விஜயும் ராகுலும் ரன் எடுக்காமல் திணறினார்கள். மயங்க் மெல்பர்ன் டெஸ்டில் இறங்கி முதல் இன்னிங்ஸிலேயே 76 அடித்தார். பஞ்சாலுக்கு அப்படி ஒரு நாள் அமையவில்லை. 2021 டிசம்பரில் ரோஹித்துக்குப் பதிலாகத் தென்னாப்பிரிக்கப் பயணத்துக்குப் பெயர் வந்தது, ஆட்டத்தில் இடம் வரவில்லை. 2025இல் ஓய்வு பெற்றுவிட்டார். அடித்த ரன்னை மட்டும் பார்த்தால் பஞ்சால் கணக்கு ஒரு படி மேலே!

சர்ஃபராஸ் கான் கதையும் இதே தடத்தில்தான் போனது. 2019-20இல் 928 ரன், 2021-22இல் 982 ரன். இரண்டு சீசனிலும் சராசரி நூற்றுக்கு மேல். நாடே கூவியது. வாய்ப்பு வந்ததோ 2024 பிப்ரவரியில், ராஜ்கோட்டில். கோலி சொந்தக் காரணத்தால் விலகி, ராகுல் காயத்தில் இருந்த தொடர் அது. அங்கே 62, ஆட்டமிழக்காமல் 68 என்று இரண்டு அரைச்சதம் போட்டார்.

இடக்கைச் சுழலர்களின் நிலைமை இன்னும் மோசம். ரஞ்சி வரலாற்றிலேயே அதிகமாக 637 விக்கெட் எடுத்த ஹரியானாவின் ராஜிந்தர் கோயல் ஒரு டெஸ்ட் கூட ஆடவில்லை. பம்பாயின் பத்மாகர் ஷிவால்கர் முதல்தர ஆட்டங்களில் (ரஞ்சி போன்ற பல நாள் ஆட்டங்கள்) 589 விக்கெட் எடுத்தவர், அவரும் ஆடவில்லை. காரணம் அப்போது இந்திய அணியில் அந்த இடத்தைப் பிடித்திருந்த ஒரே ஆள்: பிஷன் சிங் பேடி. இன்றைக்கும் ஜடேஜா, அக்சர் என்று அந்த வரிசை நீளம்தான். 2023-24 சீசனில் நம் சாய் கிஷோர் 53 விக்கெட் எடுத்தபோதும், 2024-25இல் விதர்பாவின் ஹர்ஷ் துபே 69 விக்கெட்டுடன் ஒரே சீசன் சாதனையை உடைத்தபோதும், அவர்கள் போய் நின்றது அந்த வரிசையின் கடைசியில். ஆகவே அடுத்த முறை ஒருவருக்காக வாதாடும் முன் ஒரு வேலை செய்யுங்கள். அவருக்கு முன்னால் அதே வேலையைச் செய்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். என்னுடைய பாதி வாதங்கள் அங்கேயே அடிபட்டுப் போயின.

யாரை அடித்தார் என்று கேட்காமல் விடுவது

2022 நவம்பரில், உள்நாட்டு ஒருநாள் போட்டியான விஜய் ஹசாரே கோப்பையில் தமிழ்நாட்டின் ஜெகதீசன் 277 அடித்தார். லிஸ்ட் ஏ (சர்வதேச, உள்நாட்டு ஒருநாள்) ஆட்டங்களில் உலக சாதனை. அது தொடர்ந்து ஐந்தாவது சதமும்கூட. நமக்கெல்லாம் தலைகால் புரியவில்லை. ஆனால் எதிரணி அருணாசலப் பிரதேசம். தமிழ்நாடு 506 எடுத்ததற்குப் பதிலாக அவர்கள் 71க்குச் சுருண்டார்கள். ஜெகதீசனின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை, அந்தப் பந்துவீச்சை அடிக்கவும் கவனம் வேண்டும். ஆனால் தேர்வாளர் அந்த எண்ணை முழுசாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

ரஞ்சியில் இது இன்னும் தெளிவு. 2018-19இல் வடகிழக்கின் புதிய அணிகளும் பிகாரும் உத்தராகண்டும் புதுச்சேரியும் சேர்ந்து, கீழ்ப்பிரிவான பிளேட் பிரிவில் ஆடின. அந்த வருடம் சிக்கிமுக்காக மிலிந்த் குமார் 1,331 ரன் எடுத்தார், பிகாருக்காக அஷுதோஷ் அமன் 68 விக்கெட் எடுத்து பேடியின் பழைய சாதனையைத் தாண்டினார். இரண்டு பேரும் இந்தியத் தொப்பிக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. மிலிந்த் பின்னாளில் அமெரிக்காவுக்காக ஆடினார். சீசன் மொத்தத்தைப் படிக்கும்போது முதலில் மேல்பிரிவான எலைட்டா, பிளேட்டா என்று பாருங்கள். அப்புறம் எத்தனை ஆட்டம் என்று பாருங்கள். எலைட் பிரிவில் லீக் ஆட்டம் ஏழுதான். இறுதி வரை போகிறவருக்குப் பத்து. லீக்கோடு மூட்டை கட்டும் அணியில் இருப்பவரின் 600ம், கோப்பை வென்ற அணியில் இருப்பவரின் 800ம் கிட்டத்தட்ட ஒரே எடைதான். 1987-88க்குப் பிறகு ரஞ்சிக் கோப்பையைத் தொடாத தமிழ்நாட்டு ரசிகனுக்கு இந்தக் கழித்தல் கணக்கு மனப்பாடமாகவே தெரிந்திருக்க வேண்டும்.

பந்தையும் ஆடுகளத்தையும் மறப்பது

ரஞ்சியில் எஸ்ஜி நிறுவனத்துப் பந்து. இங்கிலாந்தில் டியூக்ஸ், ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கூக்கபுரா. குளிர்காலக் காலையில் வடக்கே ஈரம் காயாத ஆடுகளத்தில் 125 கிலோமீட்டர் வேகத்தில் வீசுபவர்கூட ஏழு விக்கெட் எடுப்பார். அதே ஆளைப் பெர்த்தில் பழைய கூக்கபுராவோடு நிறுத்தினால் என்ன ஆகும் என்பதுதான் தேர்வாளருக்குக் கவலை. சௌராஷ்டிராவின் உனத்கட் 2019-20இல் 67 விக்கெட் எடுத்துக் கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். 2010இல் செஞ்சூரியனில் ஒரே ஒரு டெஸ்ட் ஆடியிருந்தவர். பும்ரா, ஷமி, இஷாந்த், உமேஷ், சிராஜ் என்று வேகத்தில் அவரைத் தாண்டியவர்கள் இருந்ததால் இன்னும் மூன்று வருடம் காத்தார். 2022 டிசம்பரில் ஷமிக்குத் தோள்பட்டைக் காயம். மிர்பூரில் தன் இரண்டாவது டெஸ்டை ஆடினார் உனத்கட். இடையில் பன்னிரண்டு வருடம்.

உள்ளூருக்கும் வெளிநாட்டுக்கும் உள்ள இந்த இடைவெளியை நிரப்பத்தான், இந்தியாவின் இரண்டாம் நிலை அணியான இந்தியா ஏ அணியின் பயணங்கள். நம்மில் பலர் அந்த ஸ்கோரைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. என் அனுபவத்தில், வெளிநாட்டில் இந்தியா ஏ அணிக்காக அடித்த ஒரு 70, உள்ளூரில் அடித்த ஒரு 170ஐவிட அடுத்த அணியைப் பற்றி அதிகம் சொல்லும்.

எந்த அணிக்கு எந்தப் போட்டி

ரஞ்சி ரன்னைக் காட்டி டி20 இடம் கேட்பதும், ஐபிஎல் சிக்ஸரைக் காட்டி டெஸ்ட் இடம் கேட்பதும் ஒரே தவறின் இரண்டு முகம். வருண் சக்கரவர்த்தி முதல்தர ஆட்டம் அதிகம் ஆடியவரே இல்லை. டிஎன்பிஎல், ஐபிஎல் வழியாக வந்து 2025 சாம்பியன்ஸ் டிராபியில் நியூசிலாந்தின் ஐந்து விக்கெட்டைச் சாய்த்தார். அது நேர்வழி.

குழப்பம் வருவது சாய் சுதர்சன் போன்றவர்களிடம். 2025 ஐபிஎல்லில் 759 ரன்னோடு அதிக ரன்னுக்கான ஆரஞ்சுத் தொப்பி, சில வாரத்திலேயே லீட்ஸில் டெஸ்ட் அறிமுகம். அப்போது அவருடைய முதல்தர சராசரி நாற்பதைத் தொடவில்லை. ரஞ்சியில் ஐம்பதுக்கு மேல் சராசரி வைத்திருப்பவனுக்கு வயிறு எரியுமா எரியாதா? எரியும். ஆனாலும் உலகத்தரமான வேகப்பந்தை அந்த வருடம் யார் அதிகம் எதிர்கொண்டார் என்று கேட்டால் பதில் ஐபிஎல் பக்கம்தான் போகும். இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. நாள் முழுக்க நின்று ஆடும் பொறுமையை ஐபிஎல்லால் அளக்க முடியாது. ஆனால் தேர்வாளர்கள் அப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொண்டே பேசுவது நல்லது.

பட்டியலில் பெயர் வந்ததும் வெடி வெடிப்பது இன்னொன்று. வங்காளத்தின் அபிமன்யு ஈஸ்வரன் முதல்தரத்தில் ஏழாயிரம் ரன் தாண்டியவர். 2021 முதல் எத்தனையோ டெஸ்ட் பயணங்களில் பெயர் இருந்தது. 2025 இங்கிலாந்துத் தொடர் ஐந்து டெஸ்டும் முடிந்தபோதும் தொப்பி கிடைக்கவில்லை. பதினைந்து பேரில் ஒருவராக இருப்பது வேறு, பதினொருவரில் ஒருவராக இருப்பது வேறு. நேர்மாறாகவும் நடக்கும். 2020-21 ஆஸ்திரேலியாவில் வலைப்பந்துவீச்சுக்காகத் தங்கவைக்கப்பட்டவர்கள்தான் நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும். ஜடேஜா, அஸ்வின், பும்ரா எல்லோரும் காயத்தில் விழ, காபா டெஸ்டில் இரண்டு பேரும் இறங்கினார்கள். அதற்கு முன் மூன்று வருடமாக வாஷிங்டன் ஒரு முதல்தர ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை! முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு மூன்று விக்கெட், கூடவே வாஷிங்டன் 62 ரன்.

வயது முப்பதைத் தாண்டினால் முடிந்தது என்பதும் சரியில்லை. சூர்யகுமாருக்கு முதல் சர்வதேச ஆட்டம் முப்பது வயதில், வருணுக்கு முதல் ஒருநாள் ஆட்டம் முப்பத்து மூன்றில். ஆனால் இரண்டு பேர் சமமாக நின்றால் இளையவர் பக்கம் தராசு சாயும். கருணே எட்டு வருடம் கழித்து, விதர்பாவுக்காக 2024-25 ரஞ்சியில் 863 ரன் எடுத்துத்தான் 2025 இங்கிலாந்துப் பயணத்துக்குத் திரும்பினார். நான்கு டெஸ்டில் 205 ரன். அடுத்த தொடரில் இடமில்லை. அந்த வயதில் இரண்டாவது வாய்ப்பு குட்டையானது.

"நம்ம ஊர்க்காரன் என்பதால்தான்"

இது நமக்குப் பிடித்த வாதம். மும்பைக்காரனுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயம். பத்ரிநாத்தை நினைக்கும்போது எனக்கும் இப்படித்தான் பொங்கும்: முதல்தரத்தில் பத்தாயிரத்துக்கு மேல் ரன், 2010இல் நாக்பூரில் அறிமுகமாகி 56, மொத்தமே இரண்டு டெஸ்ட். ஆனால் அவர் கதவைத் தட்டிய காலத்தில் நடுவரிசையில் இருந்தவர்கள் டிராவிட், சச்சின், லட்சுமண். மும்பையின் அமோல் மஜும்தாரும் அதே சுவரில்தான் முட்டினார். முதல் ஆட்டத்திலேயே 260 அடித்து, முதல்தரத்தில் பதினோராயிரம் ரன்னைத் தாண்டி, இந்தியாவுக்கு ஒரு ஆட்டம்கூட இல்லாமல் ஓய்வு பெற்றார். மும்பைக்காரர்தானே அவரும்?

தேர்வுக்குழுவில் ஐந்து பேர், வழக்கமாக மண்டலத்துக்கு ஒருவர். 2023 தொடக்கத்தில் தெற்கிலிருந்து அங்கே போய் உட்கார்ந்தவர் நம் ஸ்ரீதரன் சரத். தமிழ்நாட்டுக்காக நூறு ரஞ்சி ஆட்டங்களைத் தாண்டிய முதல் ஆள். அவரும் இந்தியாவுக்காக ஆடியதில்லை.