ஒளுவுக்கு ஒரு முக்காலி

இஸ்லாமிய நண்பர்கள் குடும்பத்தோடு விருந்துக்கு வருகிறார்களா? சமையலைத் திட்டமிடும் முன்பே அவர்கள் கால் கழுவ ஓர் இடம் பார்த்து வையுங்கள். தொழுகைக்கு முன் செய்யும் ஒளுவில் மணிக்கட்டு வரை கைகளைக் கழுவி, வாய் கொப்பளித்து, மூக்கைச் சுத்தம் செய்வார்கள். பிறகு முகம், முழங்கை வரை கைகள். ஈரக்கையால் தலையைத் தடவி, கடைசியில் கணுக்கால் வரை பாதங்கள். இடுப்பு உயர வாஷ்பேசினில் வயதானவர் எப்படிக் காலைத் தூக்குவார்? எங்கள் வீட்டில் ஒரு பெரியவர் ஒற்றைக்காலில் தடுமாறியபோது எனக்கு நெஞ்சு பதறிவிட்டது.

செட்டிநாட்டு வீடுகளில் இதற்கு வழி எளிது. இரண்டாம் கட்டுக் குழாயடியில் ஒரு முக்காலி, ஒரு செம்பு, துவைத்த துண்டு போதும். ஆனால் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை ஈரக்காலுக்கு மிகவும் வழுக்கும்! குழாயடியிலிருந்து அறை வரை சாக்கு விரித்துவிடுங்கள். கழுவிய ரப்பர் செருப்பு ஒரு ஜோடி இருந்தால் இன்னும் நல்லது.

தொழுவதற்குச் சுவாமி படங்கள் இல்லாத அறையும் சுத்தமான விரிப்பும் கொடுங்கள். தொழும்போது நோக்கும் மக்காவின் திசையான கிப்லா, நம் பகுதியிலிருந்து மேற்கே, சற்று வடக்குச் சாய்ந்து இருக்கிறது. தொழுபவருக்குக் குறுக்கே நடக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள். மஃரிப் தொழுகை சூரியன் மறைந்ததும் தொடங்கும். அதற்கான நேரமும் குறைவு. வெள்ளைப் பணியாரத்தை அது முடிந்தபின் சூடாகப் பரிமாறுங்கள்.